ஐசியு நோயாளிக்கு இன்சுலின்: பாதுகாப்பாகக் கொடுப்பது எப்படி?

சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் ஐசியுவில் சர்க்கரை ஏறும். கடுமையான தொற்று, பெரிய ஆபரேஷன், நார்அட்ரினலின், ஹைட்ரோகார்ட்டிசோன் எல்லாமே அதை ஏற்றிவிடும். அதனால் பாதிக் கட்டில்களிலாவது இன்சுலின் பேச்சு இருக்கும். பொது வார்டில் சர்க்கரை இறங்கினால் நோயாளி வியர்க்கிறது, படபடக்கிறது, பசிக்கிறது என்று சொல்லிவிடுவார். வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு படுத்திருப்பவர் சொல்ல மாட்டார். நாம் அளந்து பார்த்தால்தான் தெரியும்.

புதிதாக ஐசியுவுக்கு வரும் நர்ஸ்களுக்காகவும் பயிற்சி மருத்துவர்களுக்காகவும் எழுதியது இது. எத்தனை யூனிட் என்பதை மருத்துவரின் உத்தரவும் உங்கள் பிரிவின் எழுத்துப்பூர்வமான நெறிமுறையும்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த உத்தரவைத் தவறில்லாமல் நிறைவேற்றும் வழியை இங்கே பார்க்கலாம்.

1. இலக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான ஐசியு நோயாளிகளுக்கு, சர்க்கரை தொடர்ந்து 180 மி.கி.க்கு மேல் இருந்தால் இன்சுலின் தொடங்குகிறார்கள். பிறகு 140 முதல் 180 வரை வைத்திருக்கிறார்கள். “நார்மலுக்கே கொண்டுவந்தால் என்ன?” என்று கேட்கத் தோன்றும். அதையும் செய்து பார்த்தாயிற்று. 2001இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், அறுவை சிகிச்சை ஐசியுவில் சர்க்கரையை 80-110க்குள் இறுக்கிப் பிடித்தபோது இறப்பு குறைந்தது. உலகமே அதைப் பின்பற்றத் தொடங்கியது. 2009இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு வெளிவந்த நைஸ்-சுகர் ஆய்வு அதைத் திருப்பிப் போட்டது. இறுக்கிப் பிடித்த குழுவில் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 27.5 சதவீதம், 180க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்ட குழுவில் 24.9 சதவீதம். சர்க்கரை 40க்கும் கீழே போனவர்கள் முதல் குழுவில் 6.8 சதவீதம், இரண்டாவதில் 0.5 சதவீதம்தான். ஆகவே 170 என்று காட்டினால் பதற வேண்டாம். 70 என்றால் உடனே ஓட வேண்டும்.

2. மீட்டர் காட்டும் எண்ணைச் சரிபாருங்கள்

ஷாக்கில் இருப்பவர், கை வீங்கியிருப்பவர், நார்அட்ரினலின் ஓடுபவர், ரத்தசோகை உள்ளவர் ஆகியோருக்கு விரல் நுனி ரத்தம் ஏமாற்றும். ஆர்ட்டீரியல் லைன் இருந்தால் அதிலிருந்து எடுத்து, முடிந்தால் ரத்த வாயுப் பரிசோதனைக் கருவியில் பாருங்கள்.

அங்கேயும் ஒரு ஆபத்து உண்டு. ஆர்ட்டீரியல் லைனின் பிரஷர் பையில் நார்மல் சலைனுக்குப் பதில் டெக்ஸ்ட்ரோஸ் மாட்டப்பட்டிருந்தால், லைனில் தேங்கிய டெக்ஸ்ட்ரோஸ் ரத்தத்தோடு கலந்து சர்க்கரை 400, 500 என்று காட்டும். அதை நம்பி இன்சுலினை ஏற்றிக்கொண்டே போய் மூளை பாதிக்கப்பட்ட, உயிரே போன சம்பவங்கள் பிரிட்டனில் பதிவாகியிருக்கின்றன. ஷிஃப்ட் ஏற்றவுடன் அந்தப் பையின் லேபிளை நீங்களே படியுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் கையிலிருந்து ரத்தம் எடுக்காதீர்கள். நோயாளியின் நிலையோடு பொருந்தாத எண் வந்தால் இன்சுலினைக் கூட்டும் முன் வேறு இடத்திலிருந்து எடுத்து மறுபடி பாருங்கள்.

3. உணவையும் பொட்டாசியத்தையும் பாருங்கள்

குளுக்கோஸ் எந்த வழியாக உள்ளே போகிறது? ரைல்ஸ் ட்யூப் உணவா, டிரிப்பில் டெக்ஸ்ட்ரோஸா, நரம்பு வழி ஊட்டச்சத்தா? இதற்குப் பதில் தெரியாமல் இன்சுலின் பம்பைத் தொடாதீர்கள்.

இன்சுலின் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துச் செல்லும். ரத்தத்தில் அது குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். சர்க்கரை நோயின் கீட்டோ அமிலத்தன்மையில் பொட்டாசியம் 3.5க்குக் கீழே இருந்தால், முதலில் பொட்டாசியம், பிறகுதான் இன்சுலின்.

சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் இன்சுலின் வெகுநேரம் தங்கும். அவருக்குக் குறைந்த அளவே நிறைய வேலை செய்யும்.

4. குப்பியும் சிரிஞ்சும் பொருந்துகின்றனவா?

நம் நாட்டில் இரண்டு வகைக் குப்பிகள் புழங்குகின்றன: ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றொன்று. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 4 யூனிட்தான். சாதாரண 2 மில்லி சிரிஞ்சில் இன்சுலினை அளக்கவே கூடாது.

பம்புக்குப் பொதுவாகப் பயன்படுவது தெளிவான ரெகுலர் இன்சுலின். கலங்கலான குப்பி நரம்புக்கு ஆகாது. 50 யூனிட்டை எடுத்து, நார்மல் சலைன் சேர்த்து மொத்தம் 50 மில்லியாக்கினால் ஒரு மில்லிக்கு ஒரு யூனிட், கணக்கு எளிது. 50 யூனிட் என்பது 40 யூனிட் குப்பியில் 1.25 மில்லி, 100 யூனிட் குப்பியில் அரை மில்லி. மெதுவாகச் சாய்த்துக் கலந்து, மருந்தின் பெயர், அளவு, தேதி, நேரம் எழுதி லேபிள் ஒட்டுங்கள்.

இன்னொரு நர்ஸ் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். “40 எடுத்திருக்கேன், சரிதானே?” என்று கேட்டால் யாரும் தலையாட்டிவிடுவார்கள். உத்தரவுத் தாளையும் குப்பியையும் கொடுத்து, “எவ்வளவு வருதுன்னு நீங்க சொல்லுங்க” என்று கேளுங்கள். எழுதும்போது ‘யூனிட்’ என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கில ‘யூ’ எழுத்தைச் சுருக்கமாகப் போட்டால் பூஜ்யமாகத் தெரிந்து, 4 யூனிட் 40 ஆகிவிடும்.

5. லைனைத் தயார் செய்யுங்கள்

இன்சுலின் பிளாஸ்டிக் குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். கலவையைக் குழாய் வழியாகக் கொஞ்சம் ஓடவிட்டு வெளியேற்றிய பிறகே நோயாளிக்கு இணையுங்கள். எவ்வளவு என்பதை உங்கள் நெறிமுறை சொல்லும். மற்ற ஊசி மருந்துகளைத் தள்ளும் லைனில் இன்சுலினை இணைக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளும்போது குழாயில் நிற்கும் இன்சுலினும் ஒரே மூச்சில் உள்ளே போய்விடும்.

6. மணிக்கு ஒரு முறை அளவும், போக்கும்

சர்க்கரை நிலைப்படும் வரை மணிக்கு ஒரு முறை. நிலைத்த பிறகு நெறிமுறைப்படி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, போக்கையும் பாருங்கள். 10 மணிக்கு 232, 11க்கு 190, 12க்கு 150 என்றால் கடைசி எண் இலக்குக்குள்தான் இருக்கிறது. ஆனால் மணிக்கு 40 வீதம் இறங்குகிறது. அப்படியே விட்டால் 1 மணிக்கு 110. இங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நள்ளிரவில் சிடி ஸ்கேனுக்குப் போகும் நேரம் மிக ஆபத்தானது. ரைல்ஸ் ட்யூப் உணவை நிறுத்திவிட்டுக் கட்டிலைத் தள்ளுவோம். இன்சுலின் பம்ப் கம்பியில் தொங்கியபடி கூடவே ஓடிக்கொண்டு வரும். உணவு எந்தக் காரணத்துக்காக நின்றாலும் அதே நிமிடம் இன்சுலினைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்று இன்சுலினை நிறுத்த வேண்டும், அல்லது டெக்ஸ்ட்ரோஸ் தொடங்க வேண்டும். ஸ்டீராய்டு குறையும்போதும், நார்அட்ரினலினை இறக்கும்போதும், டயாலிசிஸின்போதும் இன்சுலின் தேவை மாறும்.

7. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால்

முதலில் பம்பை நிறுத்துங்கள். நெறிமுறைப்படி டெக்ஸ்ட்ரோஸ் கொடுங்கள்; 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லியில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அது நரம்பைப் புண்ணாக்கும் என்பதால் சென்ட்ரல் லைனோ நல்ல பெரிய நரம்போ வேண்டும். மருத்துவரை அழையுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி அளந்து, 100ஐத் தாண்டும் வரை தொடர்ந்து பாருங்கள். ஏன் இறங்கியது என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். டைப் 1 நோயாளிக்கு இன்சுலினை நீண்ட நேரம் நிறுத்தி வைத்தால் கீட்டோ அமிலத்தன்மை வந்துவிடும். எப்போது மீண்டும் தொடங்குவது என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. பம்பிலிருந்து ஊசிக்கு

நரம்பு வழி ரெகுலர் இன்சுலின் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். பம்பை நிறுத்திவிட்டு, பிறகு தோலுக்கடியில் ஊசி போட்டால் நடுவே பாதுகாப்பில்லாத இடைவெளி விழும். கிளார்ஜின் போன்ற நீண்டநேர இன்சுலினைப் போட்டு, சுமார் இரண்டு மணி நேரம் கழித்தே பம்பை நிறுத்துவது வழக்கம். கை கால் வீக்கமும் ஷாக்கும் இருக்கும்வரை தோலுக்கடியில் போடும் ஊசி சரியாக உறிஞ்சப்படாது, அவசரப்பட வேண்டாம்.

ஷிஃப்ட் மாறும்போது நான்கு விஷயங்களைக் கட்டிலருகே நின்றே ஒப்படையுங்கள்: கடைசி இரண்டு சர்க்கரை அளவுகள், பம்பின் வேகம், குளுக்கோஸ் வரும் வழி, கடைசிப் பொட்டாசியம். நான்கில் எது தெரியவில்லையென்றாலும் அதைத் தெரிந்துகொண்ட பிறகே பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இரவு இரண்டு மணிக்கு “டாக்டர், ஃபீட் நிறுத்தியாச்சு, இன்சுலின் ஓடுது” என்று போன் வந்தால் எரிந்து விழாதீர்கள். அந்த நர்ஸ் மறுபடியும் கூப்பிட வேண்டும்.