வளைபாதமும் வழுவா நோன்பும்

உடலின் அமைப்பு நாமகருமத்தின் வழிப்பட்டது என்பது நம் ஆகமங்களின் முடிபு. ஆயினும் அம்முடிபு முயற்சியை விலக்கவில்லை. விலக்கியிருப்பின், மருந்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக முன்னோர் வைத்திரார்.

நாம் வாழும் ஆண்டிபட்டிப் பகுதியில், பாதம் உள்நோக்கித் திரும்பிய குழந்தை பிறந்தால், கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததே காரணம் என்போர் இன்றும் உளர். இது தாயின் பிழையன்று. வளைபாதம் எனப்படும் இக்குறை ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுள் ஒன்றிற்கு வருகின்றது. ஆண் குழந்தைகளிடம் ஏறக்குறைய இருமடங்கு. குதிகால் மேலேறி, முன்பாதம் உள்ளே மடிந்திருக்கும். மெல்லத் திருப்பினால் நேராகும் பாதம் பெரும்பாலும் தானே சீராகும். விறைத்து நிற்பதே வளைபாதம். இரண்டையும் பிரித்தறிவது மருத்துவர் பணி. எண்ணெய் தேய்த்து நீவிக் காலம் போக்குதல் தகாது.

ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இக்னேசியோ பொன்செட்டி (1914–2009) என்னும் மருத்துவர் வகுத்த முறையே இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றது. பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கி, வாரந்தோறும் பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி மாவுக்கட்டு இடுவர். ஐந்தாறு கட்டுகளில் பாதம் பெரிதும் நேராகும். பலருக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டும், அதன்பின் மூன்று வாரக் கட்டும் வேண்டியிருக்கும். கட்டிட்ட காலின் விரல்கள் வீங்கினாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுக.

இதன்பின் வருவதே பெற்றோரின் சோதனை. இரு காலணிகளைச் சட்டத்தால் இணைத்த கருவியை முதல் 3 மாதங்கள் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், பின்னர் நான்கைந்து வயதுவரை உறங்கும் வேளையிலும் அணிவித்தல் வேண்டும். பாதம் நேராகிவிட்டதே, குழந்தை அழுகிறதே என்று அதனைக் கழற்றி வைத்தால் வளைவு மீளக்கூடும். விரதம் ஏற்பது ஒரு நாள் செயல்; காப்பது நெடுநாள் செயல் என்பதை நாம் அறிவோம். இதுவும் அத்தகையதே.

2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம் கண்டறிந்து உதவும் பிறவிக் குறைகளுள் வளைபாதமும் ஒன்று. ஆண்டிபட்டியினர் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவை அணுகலாம். வந்தவாசி, திண்டிவனம் பகுதி அன்பர்கள் தத்தம் மாவட்டத்து அரசுப் பெருமருத்துவமனையில் கேட்டறிக.

உறவினர் இல்லத்தில் இத்தகைய குழந்தை பிறந்தால் வினையை ஆராயற்க. வாரந்தோறும் துணையாகச் சென்று வருக. அதுவும் ஔடத தானமே.