மின்மினியின் விளக்கு

தென்காசிக்குக் கிழக்கே உள்ள கீழப்பாவூர், குளமும் வயலும் சூழ்ந்த மருதநிலத்து ஊர். மழைக்காலத்து மாலைகளில் இத்தகைய ஊர்களின் வரப்போரச் செடிகளில் மின்மினிகள் மினுக்குவது இயல்பு. எண்ணெயும் திரியும் இல்லாத விளக்கு அது; தொட்டாற் சுடுவதுமில்லை. அவ்வொளி எவ்வாறு பிறக்கின்றது?

இவ்வினாவுக்கு விடைகாண வழிவகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் இரபேல் துபுவா. 1885ஆம் ஆண்டில் அவர் ஒளிரும் வண்டு ஒன்றின் ஒளியுறுப்பை அரைத்துக் குளிர்ந்த நீரிற் கரைத்தார். அக்கரைசல் சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்தது. கொதிநீரிற் கரைத்ததோ ஒளிரவே இல்லை. இரண்டையும் கலந்தபோது ஒளி மீண்டும் தோன்றியது. ஆகவே, ஒளிக்குக் காரணமான பொருள்கள் இரண்டு என்பது புலனாயிற்று. எரிபொருள் போன்று செலவாவது லூசிபரின். அதனைப் பிராணவாயுவுடன் சேர்த்து ஒளிரச் செய்யும் நொதி லூசிபரேஸ். கொதிநீரில் கெட்டுப்போவது இந்நொதியே.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மக்கெல்ராய் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். நூறு பூச்சிகளுக்கு 25 சென்ட் வீதம் கொடுத்துச் சிறுவர்களைக் கொண்டு மின்மினிகளைத் திரட்டினார். ஒளி மங்கிய கரைசலில் ஏ.டி.பி. என்னும் பொருளைச் சேர்த்ததும் அது மீண்டும் சுடர்விடுவதை 1947இல் வெளியிட்டார். 1956இல் அவரும் கிரீன் என்பாரும் இந்நொதியைப் படிகமாகவே பிரித்தெடுத்தனர்.

ஏ.டி.பி. என்பது உயிரணுக்கள் அனைத்திலும் ஆற்றலை வழங்கும் பொருள். 1929இல் அதனைக் கண்டறிந்தோருள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

இக்கண்டுபிடிப்பின் பயன் பெரிது. உயிரணு மடிந்தபின் ஏ.டி.பி. விரைவிற் சிதைந்துவிடும். ஆதலால், தூய்மையானதெனத் தோன்றும் பாத்திரத்தைத் துடைத்தெடுத்து, அதனுடன் லூசிபரினையும் இந்நொதியையும் சேர்த்தால், கருவியிற் காணும் ஒளியின் அளவே அங்குள்ள அழுக்கையும் கிருமிகளையும் காட்டிக்கொடுக்கும். உணவுத் தொழிற்சாலைகளும் மருத்துவமனைகளும் சில நிமிடங்களில் இச்சோதனையைச் செய்துகொள்கின்றன.

1985இல் இந்நொதிக்குரிய மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அதன்பின் நுண்ணுயிர்களைக் கொண்டே நொதியை ஆக்க முடிந்தது. அதற்கென மின்மினிகளைக் கொல்ல வேண்டிய தேவை குறைந்தது. எனினும், பூச்சிமருந்தும் இரவை மறைக்கும் மின்விளக்கும் அவற்றை வருத்துகின்றன. நோய்க்கிருமியைக் காட்ட விளக்குத் தந்த சிற்றுயிருக்குச் சிறிது இருளை விட்டுவைத்தல் நம் கடமையன்றோ?