எந்த நாட்டு விமானி உரிமம்?

விமான நிலையத்தில் நிற்கும் விமானத்தின் பின்பகுதியைக் கூர்ந்து பாருங்கள். சில எழுத்துகள் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். மலேசியாவில் பதிவான விமானமானால் 9எம் என்று தொடங்கும். சிங்கப்பூருக்கு 9வி, இந்தியாவுக்கு விடி, அமெரிக்காவுக்கு என். விமானியாக விரும்பும் மாணவர்கள் இந்த எழுத்துகளிலிருந்தே தொடங்கலாம்.

1944இல் சிகாகோவில் உருவான அனைத்துலக விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 32வது பிரிவு ஒரு விதியை வகுத்துள்ளது. நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்தின் விமானி, அந்த விமானம் பதிவான நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட உரிமத்தை வைத்திருக்க வேண்டும். எனவே, எந்த உரிமம் உயர்ந்தது என்று ஆராயும் முன், எந்த நாட்டு விமானத்தை ஓட்டப் போகிறோம் என்று யோசியுங்கள்.

குறைந்தபட்சத் தகுதிகள் உலகெங்கும் ஒன்றுதான். வணிக விமானி உரிமத்திற்கு வயது 18, பறந்த நேரம் 200 மணி. அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியென்றால் 150 மணி. பெரிய பயணிகள் விமானத்தின் தலைமை விமானிக்கான உரிமத்திற்கு வயது 21, பறந்த நேரம் 1,500 மணி. இதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் விதிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் ஒவ்வொரு படிக்கும் எழுத்துத் தேர்வு ஒரு தாள்தான். ஐரோப்பிய முறையில் தலைமை விமானி உரிமத்திற்கு 13 தாள்கள்; ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு பெற வேண்டும். வானிலை, காற்றியக்கவியல், வழிகாண்முறை, விமானச் சட்டம் எல்லாம் இதில் அடங்கும். அமெரிக்க உரிமத்தோடு ஐரோப்பா சென்றால் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவரும் மீண்டும் புத்தகத்தைத் திறக்க வேண்டும். மறுபுறம், 2013 முதல் அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனங்களில் துணை விமானிக்குக்கூட பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் தேவை. மற்ற பல நாடுகளில் சுமார் 200 மணி நேரத்தோடு அந்த இருக்கையில் அமர்ந்துவிடலாம்.

அரசியலும் உரிமத்தைத் தொடும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் உரிமத்தைக் கொண்டு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பதிவான விமானங்களை ஓட்ட முடியவில்லை. பலர் முன்கூட்டியே அயர்லாந்து, ஆஸ்திரியா போன்ற நாடுகளுக்குத் தங்கள் உரிமத்தை மாற்றிக்கொண்டனர்.

இன்னொன்று: உரிமம் வேறு, வேலை அனுமதி வேறு. அமெரிக்க உரிமம் கையிலிருந்தாலும் அங்கு வேலை செய்யும் உரிமை அதனுடன் வராது. பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரத் தாள்களில் இந்த வரி பெரும்பாலும் சிறிய எழுத்தில்தான் இருக்கும்!

ஆகவே, மலேசிய நிறுவனத்தில் சேர விரும்புபவருக்கு மலேசிய உரிமமே நேர்வழி. வெளிநாட்டில் பயில்வதானால், அந்த உரிமத்தை இங்கு மாற்ற எத்தனை தேர்வுகள், என்ன செலவு என்று மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் செலுத்தும் முன் முதல்நிலை மருத்துவப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். நிறப்பார்வைக் குறைபாடு அங்கேதான் தெரியவரும்.