பகற்குண்டும் இரவுக்குண்டும்

வானிலிருந்து குண்டு வீசப் பகல் ஏற்றதா, இரவு ஏற்றதா? இரண்டாம் உலகப் போரில் வல்லரசுகளின் விமானப் படைகளை வாட்டிய வினா இது. பகலில் இலக்கு தெரியும். வருகின்ற விமானமும் தெரியும். இரவில் இரண்டுமே மறையும். ஆங்கிலேயர் இரவைத் தேர்ந்தனர். இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களுள் மூன்றில் ஒரு பங்கே அதன் ஐந்து மைல் சுற்றுக்குள் சென்றதென 1941-இல் அவர்களுடைய ஆய்வே காட்டியது. பகலைத் தேர்ந்த அமெரிக்கரோ, 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரைத் தாக்கச் சென்று ஒரே நாளில் 60 பெரிய விமானங்களை இழந்தனர்.

இவ்விரு முறைகளையும் நம் அண்டையிலேயே காணலாம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. கனடிய விமானி பர்ச்சால் முதல் நாளே எதிரிக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். பட்டப்பகலிலும் அங்கொடை மனநோய் மருத்துவமனை மீது குண்டு விழுந்தது! வெளிச்சத்தை அளவுக்கு மீறி நம்புவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்கத்தாவுக்கு வந்ததோ இரவுத் தாக்குதல். பர்மாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் 1942 டிசம்பர் 20 முதல் நிலவு இரவுகளில் வந்தனர். நகரில் விளக்குகள் மறைக்கப்பட்டிருந்தன. பயன் என்ன? எங்கள் மணலூர்பேட்டையில், தென்பெண்ணையில் நீர் ஓடும் நாட்களில், ஊர் இருண்டு கிடந்தாலும் முழுநிலவில் ஆறு மட்டும் மின்னுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஹூக்ளியோ கப்பல் செல்லும் ஆறு. விளக்கை அணைக்கலாம், ஆற்றை எப்படி அணைப்பது?

சேதம் பெரிதன்று; அச்சமே பெரிது. இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். தானியக் கடைகள் மூடப்பட்டன. அரசு மொத்த வணிகரின் அரிசி இருப்பைக் கைப்பற்றியது. மறு ஆண்டின் வங்கப் பஞ்சத்திற்குக் காரணங்கள் பல. இக்குழப்பத்தையும் அவற்றோடு சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. போர் நூல்கள் இதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

இருள் தந்த காப்பு ஒரு மாதமே நீடித்தது. ரேடார் பொருத்திய பியூஃபைட்டர் விமானங்கள் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. 1943 ஜனவரி 15 இரவு, பிரிங் என்னும் விமானி சில நிமிடங்களில் மூன்று குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினார். அம்மாதத்திலேயே இரவுத் தாக்குதல் ஓய்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 5 அன்று ஜப்பானியர் பகலிலேயே, சண்டை விமானங்களின் துணையோடு, கிதிர்ப்பூர் துறைமுகத்திற்கு வந்தனர். இம்முறை குறி தப்பவில்லை. கப்பல்கள் சேதமுற்றன, படகுகள் எரிந்தன. மாண்டவர்களுள் மிகப் பலர் துறைமுகக் கூலித் தொழிலாளர்கள்.