காலி ஜாடியைத் திருப்பிக் கொண்டுவா

திருத்தணி,
செவ்வாய்க்கிழமை காலை

வள்ளிக் கண்ணுக்கு,

போனில் பேசலாம் என்றால் நான் 'ஹலோ' சொல்வதற்குள் உன் பாட்டி பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்த பழைய ஜாடி ஓடுகளைப் படிக்கப் போகிறாய் என்று நீ சொன்னதிலிருந்து உங்கப்பன் முகம் சரியில்லை. "ஓடு எடுக்கவா இவ்வளவு செலவழிச்சுப் படிக்க வச்சேன்?" என்று நேற்று சாப்பிடும்போது கேட்டான். "திருவோடு இல்லைடா, கிரேக்க ஓடு" என்றேன். பாட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு மோரை ஊற்றினாள். இந்த ஊரில் பிறந்தாய் என்றுதான் உனக்கு வள்ளி என்று பெயர் வைத்தேன். அந்த வள்ளி பரண்மேல் நின்று கவண்கல் வீசினாள்; நீ குழிக்குள் இறங்கிக் கல்லும் ஓடும் பொறுக்குகிறாய். முருகன் எந்த வேஷத்தில் வருவானோ என்று பாட்டிக்குக் கவலை. வெயிலில் தொப்பி போடுகிறாயா என்று எனக்குக் கவலை.

நீ அனுப்பிய ஆம்போரா ஜாடிப் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு காது, நீளக் கழுத்து, கூரான அடி. நாற்பது வருஷம் மளிகைக் கடையில் ஜாடிகளோடு புழங்கியவனுக்கு, 'தரையில் நிற்காத ஜாடியை எவன் செய்வான்?' என்றுதான் முதலில் தோன்றியது. கப்பலில் கீழ்வரிசைத் தோள்களுக்கு நடுவே மேல்வரிசைக் கூர்முனையைச் சொருகி அடுக்குவார்கள், சாய்த்து ஊற்றும்போது அந்த முனையே பிடி என்று நீ விளக்கியதும் ஒப்புக்கொண்டேன். கோஸ் என்ற கிரேக்கத் தீவின் மதுவில் கடல்நீர் கலப்பார்கள் என்றாயே, நம் பால்காரர் நல்ல தண்ணீராவது கலக்கிறார்.

ஜாடி என்றதும் ஒரு பழைய காயம் நினைவுக்கு வருகிறது. புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் நம் கடைக்கு ஆவக்காய் கொண்டுவந்து போடுவார். ஊறுகாயோடு ஜாடி வரும்; காலியானதும் திரும்பிப் போகும். யாருடைய ஜாடி, என்றைக்கு வந்தது என்று ஜாடி வயிற்றில் சாக்பீஸாலும் நோட்டில் பேனாவாலும் எழுதுவேன். ஒரு ஆடிக் கிருத்திகை அன்று காவடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகிறது, கடையில் மூச்சுவிட நேரமில்லை. ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். ராத்திரி தூக்கம்தான் வந்தது. ஒரு மாதம் கழித்து அவர் மூன்று ஜாடி பாக்கி என்றார். நான் இல்லை என்றேன். இருவருமே பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது. பதினோரு வருஷச் சிநேகிதம் அதோடு போயிற்று. பாட்டி இப்போது புளி போட்டு வைத்திருக்கும் ஜாடி அவருடையதா, நம்முடையதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ரோட்ஸ் தீவுக்காரன் என்னைவிடக் கெட்டிக்காரன். சூரியன் கோயிலில் அந்த வருஷம் பூசாரியாக இருந்தவர் பெயரையும் மாதத்தையும் ஈரக் கைப்பிடியிலேயே முத்திரை குத்திவிட்டானாமே! ஏதென்ஸில் விர்ஜினியா கிரேஸ் என்ற அம்மாள் அப்படிப்பட்ட முத்திரைகளைப் பதிவுசெய்வதிலேயே ஆயுளைச் செலவழித்தார் என்றும் சொன்னாய். அவர் கடை வைத்திருந்தால் ஒரு ஜாடிகூடத் தொலைந்திருக்காது.

தொல்லியலாளர் வீலர் கதையும் நீ சொன்னதுதான். 1944இல் சென்னை அருங்காட்சியக அலமாரிக்குள் கையை விட்டார், ஆம்போராவின் கழுத்தும் கைப்பிடியும் அகப்பட்டன. அரிக்கமேட்டில் கிடைத்தது என்ற விவரம் தொலையாமல் இருந்ததால்தான் 1945இல் அங்கே குழி போட முடிந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டினார். எலிசபெத் லைடிங் வில் ஓடுகளை உட்கார்ந்து பிரித்து, மது எது, ஆலிவ் எண்ணெய் எது, மீன் சாறு எது என்று வகை சொன்னார். விவரம் தொலைந்திருந்தால் அந்தக் கழுத்து இன்னும் அலமாரியில்தான் கிடந்திருக்கும்.

அடுத்த விஷயம், அவசரப்பட்டுப் பெயர் வைக்காதே. இரண்டு மண் திரியை ஒட்டினாற்போல் கைப்பிடி இருந்தால் கோஸ் ஜாடி என்பார்கள். ஆனால் அதே அச்சில் இத்தாலிக்காரனும் செய்தான். வெசூவியஸ் எரிமலைக் கருமணல் கலந்த மண்ணைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். உள்ளே கறுப்புப் பூச்சு இருந்ததெல்லாம் ரோமானிய ஆம்போரா என்று இங்கே வெகுகாலம் எழுதிவந்தார்கள். ரொபெர்ட்டா டோம்பர் வந்து பார்த்து, அவற்றில் பல மெசபடோமியாவின் காதில்லாத டார்ப்பிடோ ஜாடிகள், அந்தப் பூச்சு நிலக்கீல் என்றார். பத்து விரல் அகல ஓட்டை வைத்துக்கொண்டு கிரேக்கக் கப்பலையே கரையில் நிறுத்திவிடாதே, கண்ணு. தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுது. அது உனக்குக் கஷ்டம், சின்ன வயதிலிருந்தே பதில் தெரியாமல் கையைத் தூக்குகிறவள் நீ.

இடத்தை எழுதும்போது கிராமப் பெயரோடு நிறுத்தாதே. நம் ஊரையே எடுத்துக்கொள். நான் பள்ளிக்கூடம் போகையில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். 1960 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டுப் பக்கம், செங்கல்பட்டு மாவட்டம். இப்போது திருவள்ளூர் மாவட்டம். மலை அசையவில்லை, படி அதே 365. விலாசம் மட்டும் இரண்டு தடவை மாறிவிட்டது. குழி எண், ஆழம், மண்ணின் நிறம், தேதி எல்லாம் இருக்கட்டும். பென்சிலால் எழுது, பேனா மை ஈரத்தில் கரைந்து போகும். ஓட்டைத் தேய்த்துக் கழுவுமுன் உள்பக்கம் பூச்சு இருக்கிறதா என்று பார். எத்தனை அலுப்பானாலும் அன்றைய சீட்டை அன்றைக்கே எழுதிவிட்டுத் தூங்கு.

லீவுக்கு வரும்போது பட்டரைப்பெரும்புதூரில் இறங்கி, மாநிலத் தொல்லியல் துறை தோண்டிய மேட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வா. கற்காலக் கருவி கிடைத்த மண் நம் வீட்டுக்கு இத்தனை பக்கத்தில் இருக்கிறது. வேண்டுமானால் நானும் வருகிறேன், உங்கப்பனையும் இழுத்துக்கொண்டு.

இந்தக் கடிதத்தோடு பாட்டி ஆவக்காய் கொடுத்தனுப்புகிறாள். ஜாடி மேல் உன் பெயரும் தேதியும் எழுதியிருக்கிறேன், நோட்டிலும் குறித்துவிட்டேன். காலி ஜாடியைத் திருப்பிக் கொண்டுவா.

அன்புடன்,
தாத்தா