பம்ப் அழுத்தம் தருமா? – ஒரு பிக்கப் வண்டி எனக்கு நடத்திய பாடம்

ஒன்பதாம் வகுப்பில் ‘பாய்மங்கள்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “சார், எங்க அப்பா வண்டியில ஆயில் லைட்டு எரியுது. பிரஷர் இல்லைங்கிறாங்க. ஏன் சார்?”

அழுத்தம் பற்றிய பாடத்தின் நடுவே இதைவிட நல்ல கேள்வி வருமா? மகிழ்ச்சியோடு கரும்பலகையில் ஒரு பம்பை வரைந்தேன். “பம்ப்தான் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கிறது. அழுத்தம் குறைகிறது என்றால் பம்ப் தேய்ந்திருக்கும்” என்றேன். மணி அடித்துவிட்டது.

பத்து நாள் கழித்து அவனே வந்தான். அவன் அப்பா புது ஆயில் பம்ப் வாங்கி மாட்டியிருக்கிறார். நான்கைந்து நாள் விளக்கு எரியவில்லை. பிறகு பழையபடி எரிகிறது. “நீங்க சொன்னதத்தான் சார் அப்பாகிட்ட சொன்னேன்” என்றான். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

எங்கள் குன்னம் பகுதியில் மக்காச்சோளமும் பருத்தியும்தான் பிழைப்பு. பெரம்பலூர் பக்கமோ அரியலூர் பக்கமோ மூட்டைகளைக் கொண்டுபோக இதுபோன்ற பழைய பிக்கப் வண்டிகள் ஊருக்கு ஊர் உண்டு. சுண்ணாம்புக்கல் தூசி பறக்கும் சாலைகளில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வண்டி நின்றால் அந்த வீட்டில் வருமானம் நிற்கும். “இன்ஜினை இறக்கணும், 40,000 ரூபாய் ஆகும்” என்று ஒருவர் அவன் அப்பாவிடம் சொல்லியிருந்தார். என் பாதிப் பாடத்தால் பம்புக்கு ஏற்கெனவே ஒரு தொகை போயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை நானும் அவர்களோடு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஆயில் கம்பியை உருவினார். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரல் அளவு ஏறியிருந்தது.

“ஆயில் நிறையத்தானே இருக்கிறது அண்ணே?” என்றேன்.

“ஓடுற வண்டியில ஆயில் குறையத்தான் செய்யும் சார். கூடுதுன்னா வேற ஏதோ உள்ள வருது.” கம்பியை முகர்ந்து பார்க்கச் சொன்னார். டீசல் நாற்றம். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் தண்ணீர் போல் வழுக்கியது. பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலக்கிறது என்று பொருளாம். இது கறுப்பாகத்தான் இருந்தது.

இருந்தாலும் அவர் அதோடு முடிவுக்கு வரவில்லை. விளக்கு உண்மை சொல்கிறதா என்று அடுத்துப் பார்த்தார். இன்ஜினில் இருக்கும் ஆயில் ஸ்விட்ச் அழுத்தம் இல்லாதபோது மூடிய மின்சுற்று. அழுத்தம் ஏறினால் திறந்துகொள்ளும், விளக்கு அணையும். அதனால்தான் சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடும் முன்பே, அந்த விளக்கு எரிந்தாக வேண்டும். ஸ்விட்சின் வயரைக் கழற்றியதும் விளக்கு அணைந்தது. அணையாமல் இருந்திருந்தால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது என்று பொருள். இன்ஜினை யாரும் தொடவே வேண்டியதில்லை. ஸ்விட்ச் மட்டும் பழுதாக இருந்து, அதற்காக இன்ஜினையே இறக்கிய கதைகளை அவர் இரண்டு சொன்னார்.

பிறகு ஸ்விட்சைக் கழற்றி அதே துளையில் ஒரு முள் மீட்டரைப் பொருத்தினார். இன்ஜின் குளிர்ந்திருந்தபோது, மெதுவான ஓட்டத்தில் 3 கிலோ காட்டியது. வண்டியை அரைமணி நேரம் ஓட்டிச் சூடேற்றிவிட்டுப் பார்த்தபோது, மெதுவான ஓட்டத்தில் 0.4. நிமிடத்துக்கு 2000 சுற்றில் 1.2. (பட்டறையில் ‘கிலோ’ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் விசை. நம் பாடநூல் அலகில் சுமார் 98 கிலோபாஸ்கல். 0.4 கிலோ எத்தனை பாஸ்கல் என்று மாணவர்களைக் கணக்கிடச் சொல்லலாம்.)

இந்த மூன்று எண்களை வைத்து அவர் பேசியதுதான் எனக்குப் பாடம். குளிர்ந்த நிலையிலும் அழுத்தம் வராவிட்டால் பம்பையோ, அடியில் இருக்கும் சல்லடையையோ, திறந்தபடி சிக்கிக்கொண்ட ரிலீஃப் வால்வையோ சந்தேகிக்கலாம். முதலில் நன்றாக இருந்து, வேகம் கூட்டக் கூட்ட விழுந்தால் சல்லடை அடைத்து பம்புக்கு ஆயில் கிடைக்கவில்லை. குளிரில் நன்றாக இருந்து சூட்டில் மட்டும் விழுந்தால், ஒன்று ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது, இல்லையென்றால் பேரிங் இடைவெளி அதிகமாகிவிட்டது. பம்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

“புதுப் பம்ப் மாட்டினதும் நாலு நாள் லைட் எரியலையே?” என்று பையனின் அப்பா கேட்டார்.

“பம்ப் மாத்தும்போது ஆயிலையும் மாத்துனீங்களா?”

மாற்றியிருந்தார்கள். விளக்கை அணைத்தது புது ஆயில். பெயர் பம்புக்குப் போனது. ஒரே நேரத்தில் இரண்டு காரணிகளை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது என்பதைச் செய்முறை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! மாறியை நிலையாக வைப்பதற்குப் பாடநூலில் வரும் எந்த எடுத்துக்காட்டையும்விட இந்த நான்கு நாள் என் மாணவர்கள் மனத்தில் நிற்கிறது.

இனி என் பிழைக்கு வருகிறேன். ஆயில் பம்ப் இரண்டு பற்சக்கரங்கள் கோத்துச் சுழலும் ஓர் எளிய கருவி. ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு ஆயில் என்று அள்ளித் தள்ளும். அது தருவது ஓட்டத்தை. அந்த ஓட்டத்துக்கு எதிரே தடை இருந்தால்தான் அழுத்தம் உண்டாகிறது. கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிதான் அந்தத் தடை. நல்ல நிலையில் அது சுமார் 0.05 மில்லிமீட்டர், நாம் எழுதும் வெள்ளைத்தாளின் பருமனில் ஏறக்குறையப் பாதி.

இதை என் மாணவர்களுக்கு விளக்கச் சொட்டுநீர்க் குழாயே போதுமானதாக இருந்தது. “மோட்டார் ஓடுது, ஆனா வடிகட்டி பக்கத்துல இருக்கிற மீட்டர்ல முள்ளு இறங்கிடுச்சு. என்ன பார்ப்பீங்க?” என்று கேட்டேன். நான்கைந்து பேர் ஒரே குரலில், “எங்கயாவது கடைசி முனை மூடி கழண்டிருக்கும் சார்” என்றார்கள். மோட்டாரைக் கழற்ற வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருந்தேன். (கிணற்று மோட்டார் வேறு வகை. தடை கூடினால் அது தள்ளும் தண்ணீர் குறையும். பற்சக்கர பம்பில் அப்படிப் பெரிதாகக் குறையாது. ஒப்புமை அங்கே நின்றுவிடும். கேட்கும் மாணவர் இருந்தால் சொல்லிவிடுவது நல்லது.)

இடைவெளி சிறிது கூடினால் கசிவு சிறிது கூடும் என்று நினைப்போம். அப்படியல்ல. குறுகிய இடைவெளி வழியே ஓடும் பாய்மத்தின் அளவு, அந்த இடைவெளியின் முப்படிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. 0.05 மில்லிமீட்டர் 0.10 ஆனால் கசிவு 8 மடங்கு. ஒன்றரை மடங்கு தேய்ந்தாலே 3.375 மடங்கு. முப்படி எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் வகுப்புக்குக் கணித ஆசிரியர் இதைக் கொண்டுபோகலாம்.

மற்றொரு காரணி பாகுநிலை. ஆயில் டப்பாவில் 15டபிள்யூ-40 என்று அச்சிட்டிருப்பதில் பின்னால் வரும் 40, சூடான நிலையைக் குறிக்கும் தர எண். 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை 12.5-க்கும் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்கும் இடையில் இருக்க வேண்டும். அதே ஆயில் 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் இருக்கும். அதாவது, இன்ஜின் சூடேறும்போது ஆயில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக நீர்க்கிறது. அதில் டீசலும் கலந்தால் என்ன மிஞ்சும்? காலையில் 3 காட்டிய முள் மதியம் 0.4-க்கு வந்ததில் வியப்பில்லை.

இன்னொன்றையும் நான் தவறாக நினைத்திருந்தேன். பம்பின் அழுத்தம்தான் ஷாஃப்டைப் பேரிங்கில் படாமல் தூக்கிப் பிடிக்கிறது என்று. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுப் பேரிங்குகளை ஆராய்ந்தார். ஆயில் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் மேற்பகுதியில் துளையிட்டபோது, அதன் வழியே ஆயில் வெளியே பொங்கியது. தக்கை வைத்து அடைத்தார். தக்கையைத் தள்ளிக்கொண்டு வந்தது. மீட்டர் பொருத்தினார், பேரிங் மீது வைத்த சராசரிச் சுமையைப்போல் இரு மடங்குக்கு முள் ஏறியது. அங்கே பம்ப்பே கிடையாது! சுழலும் அச்சு தானே ஆயிலை ஆப்பு வடிவ இடைவெளிக்குள் இழுத்து அந்த அழுத்தத்தை உண்டாக்கியது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். இன்ஜினில் பம்பின் வேலை அந்தப் படலத்துக்கு ஆயில் தீராமல் கொண்டுசேர்ப்பது. அது தீர்ந்த சில நொடிகளில் உலோகம் உலோகத்தோடு உரசும். விளக்கு எரிகிறபோது “பட்டறை வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடலாம்” என்பது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து புரியும். அணைத்துவிட்டுக் கட்டி இழுத்துப் போவதுதான் மலிவு.

டீசல் எங்கிருந்து வந்தது? தொட்டியிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் அந்த இன்ஜினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருந்தது. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃபிரம் கிழிந்திருந்தது. இழுத்த டீசலில் ஒரு பங்கு நேராக ஆயிலுக்குள் போயிருக்கிறது. டயாஃபிரத்தையும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினார்கள். சூட்டில் மெதுவான ஓட்டத்தில் 0.9, 2000 சுற்றில் 2.3. விளக்கு அணைந்தது.

வகுப்பில் இதைச் செய்துகாட்ட இரண்டு பாடவேளை எடுத்துக்கொண்டேன். பள்ளிக் குழாயைப் பாதி திறந்து ஒரு ரப்பர் குழாயை மாட்டினோம். நடுவில் ‘டி’ இணைப்பு வைத்து, கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயைச் செங்குத்தாக நிறுத்தினோம். அதுதான் மீட்டர். ரப்பர் குழாயின் மறுமுனையை அடைத்து வரிசையாகச் சிறு துளைகள் இட்டோம். விரல்களால் மூடிய துளைகளை ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க நீர்மட்டம் இறங்குகிறது. குழாயை யாரும் தொடவில்லை, ‘பம்ப்’ மாறவில்லை. எல்லாத் துளைகளையும் மூடியதும் செங்குத்துக் குழாயின் உச்சியில் தண்ணீர் வழிந்தது. “அளவுக்கு மீறினா இப்படி வழியவிடுறதுதான் ரிலீஃப் வால்வு” என்றதும் நனைந்தவர்கள்கூடக் குறிப்பேட்டை எடுத்தார்கள். எட்டாம் வகுப்பு ‘விசையும் அழுத்தமும்’ பாடத்துக்கும் இது பொருந்தும்.

பாகுநிலைக்கு விளக்கெண்ணெயும் சைக்கிள் குண்டும் போதும். உயரமான கண்ணாடிக் குழாயில் குண்டு இறங்கும் நேரத்தைக் குறித்து, அதே குழாயை வெந்நீரில் வைத்து மறுபடி குறிக்கலாம். தொடக்கப் பள்ளியில் தேனையும் தண்ணீரையும் சாய்ந்த தட்டில் ஓடவிட்டு எது முந்துகிறது என்று பார்ப்பதே போதுமானது. தொழிற்கல்விப் பிரிவு ஆசிரியர்கள் முள் மீட்டர் சோதனையை நேரடியாகச் செய்யலாம். மற்றவர்கள் ஓடும் இன்ஜின் அருகே மாணவர்களைக் கூட்டிச் செல்ல வேண்டாம். சூடான ஆயிலும் சுழலும் பெல்ட்டும் விளையாட்டல்ல. நான் எண்களை மட்டும்தான் வகுப்புக்குக் கொண்டுவந்தேன்.

அந்த அப்பாவிடம், நான் சொன்னது அரைகுறை என்று ஒப்புக்கொண்டேன். “விடுங்க சார், பம்பும் பழசுதான்” என்றார். பணம் போனது போனதுதான்.

மெக்கானிக்குக்கு இன்னும் திருப்தி இல்லை. 0.9 போதும், ஆனால் அந்த இன்ஜினுக்கு அது குறைவு என்கிறார். நீர்த்த ஆயிலில் ஓடிய நாட்களில் பேரிங் கொஞ்சம் தேய்ந்திருக்கலாம். சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்தே பார்த்துவிடலாம், இன்ஜினை இறக்க வேண்டாம் என்பது அவர் கருத்து. பம்ப் மாற்றியபோது சம்ப் கழன்றுதான் இருந்தது, அப்போதே பார்த்திருக்கலாம். இப்போது முள் மீட்டரை வண்டியிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும், வண்டி சூடாகத் திரும்பியதும், பையன் மெதுவான ஓட்ட அளவைக் குறித்து வருகிறான். வரைபடம் எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. ஐந்து வாரம் 0.9. கடைசிப் புள்ளி 0.8. மக்காச்சோள அறுவடை முடிந்ததும் சம்ப்பைக் கழற்றுவதாக அவன் அப்பா சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பே கழற்றச் சொல்லலாமா என்று வகுப்பில் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.