கல்வெட்டுப் படத்தில் இருப்பது புள்ளியா, இரைச்சலா?

சங்கரன்கோவில் சங்கரநாராயணசுவாமி கோயிலுக்கோ அருகிலுள்ள கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கோ மாணவர்களைக் களப்பயணம் அழைத்துச் சென்று, உரிய அனுமதியுடன் கைப்பேசியில் கல்வெட்டைப் படமெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பறைத் திரையில் பெரிதாக்கினால் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். எழுத்தின் ஓரங்களில் சிறு கட்டங்களும் தெரியும். இவை இரண்டும் வேறு வேறு குறைகள்.

மணல் போன்றது இரைச்சல். மண்டபத்தின் மங்கிய ஒளியைக் கேமரா பெருக்கிக் காட்டும்போது ஏற்ற இறக்கங்களும் சேர்ந்து பெருகுகின்றன. கட்டங்கள் ஜேபெக் சுருக்கத்தால் வருபவை. படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களை அது குறைத்துவிடுகிறது. இதற்கு அடிப்படையான கொசைன் உருமாற்றத்தை நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகிய மூவர் 1974இல் வெளியிட்டனர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர் என்பதை மாணவர்களிடம் சொல்லலாம்.

இரைச்சல் நீக்கத்தைக் கணித வகுப்பிலேயே செய்து காட்டலாம். கரும்பலகையில் 3×3 கட்டம் வரைந்து 52, 50, 51, 53, 255, 49, 50, 52, 51 என நிரப்புங்கள். நடுவில் உள்ள 255தான் இரைச்சல். சராசரி ஏறத்தாழ 74. கறை மங்குமே தவிர மறையாது. இடைநிலை அளவு 51, கறை மறைந்துவிடும்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. அந்த 255 ஒரு மெய்யெழுத்தின் புள்ளியாக இருந்திருந்தால்? அதுவும் போயிருக்கும். பழங்கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. இட்டிருக்கும் அரிய இடத்தில் அதை அழித்தால் வாசிப்பே மாறும். படத்தைத் தானே மெருகூட்டும் செயலிகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவை கல்லில் இல்லாத கோட்டையும் வரையக்கூடும்.

கைப்பேசியை அசையாமல் நிறுத்தி ஒரே காட்சியை 16 முறை எடுத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் சராசரி காண்பது நல்லது. இரைச்சல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். எழுத்து அப்படியே நிற்கும். முன்பு கைகொடுக்காத சராசரி இப்போது ஏன் உதவுகிறது என்று மாணவர்களிடம் கேளுங்கள். அங்கே அண்டைப் பிக்சல்களைக் கலந்தோம். இங்கே ஒரே பிக்சலின் 16 மதிப்புகளைக் கூட்டுகிறோம்.

கட்டங்களுக்கு இத்தகைய வழி இல்லை. நீக்கிய விவரம் திரும்பாது. மென்பொருள் கட்டங்களின் எல்லையைத் தேய்க்க மட்டுமே செய்யும். எனவே வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். திருத்திய படத்தைப் பிஎன்ஜி வடிவில் சேமித்து, மூலப்படத்தைத் தொடாமல் தனிக் கோப்புறையில் வையுங்கள்.